ஆறு பேரில் நாம் எங்கே?

மத்திய அரசு 2017-ல் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' என்ற கம்ப்யூட்டர் போட்டியைத் தொடங்கிற்று. ஆறு மாணவர் ஒரு குழு. ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும். பல பிரிவினரும் கலந்து வருக என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் ஆறு பேரும் ஒரே கல்லூரியாம்! விவசாயக் கல்லூரி மாணவி எஞ்சினீயரிங் மாணவனோடு எப்படிச் சேருவாள்?

நம் கொள்முதல் நிலையத்தைப் பாருங்கள். டெல்லி தளர்த்தினாலொழிய, ஈரம் 17 சதத்தைத் தாண்டிய நெல்லை எடுக்கமாட்டார்கள். மழை பிடித்தால் மூட்டையிலேயே முளைக்கிறது. இதற்கொரு கருவி செய்ய அந்த இருவரும் வேண்டும். நெல்லைக் கடித்தே ஈரம் சொல்லும் களத்துப் பெண் வேண்டாமா?

அறுவடை இயந்திரம் வந்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. போனது நம் கூலி. இம்முறை களத்துக்கு வந்து கேட்கட்டும். கேட்கும் நேரத்துக்குக் கூலியும் கொடுக்கட்டும்!