நமது மலைகளை நாமே படமெடுப்போம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வில் புகைப்படக் கலை" என்று தலைப்புத் தந்து பேசச் சொன்னார்கள். நான் ஸ்டூடியோ நடத்துபவள் அல்ல. போகிற வருகிற இடங்களில் படம் எடுத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் என் மனதில் பதிந்த ஒரு விடயத்தைச் சொல்லி அமர்கிறேன்.

நமது ஊவா மலைகளைப் படமெடுக்க உலகெங்கும் இருந்து வருகிறார்கள். 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், தன் நிலையத்துக்கு அடியாலேயே வளைந்து போகும் தெமோதரைத் தண்டவாளம், ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் ஆசனம், கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சி எல்லாம் எத்தனையோ நாட்டாரின் கைத்தொலைபேசிகளில் இருக்கின்றன. ஆனால் நாம் பாடசாலைக்கு நடந்து வந்த குறுக்குப் பாதை யாரிடம் இருக்கிறது? தண்ணீர் பிடித்த பீலி, பெரட்டுக் களம், நம்மில் பலர் வளர்ந்த பிள்ளைக் காம்பரா, லயத்து வாசலில் பாட்டி அமர்ந்திருந்த படிக்கட்டு, இவற்றின் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இதற்குக் காரணம் உண்டு. கெமரா நமது கைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலேய அம்மையார். 48 வயதில் மகள் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு கெமராவோடு படமெடுக்கத் தொடங்கியவர் அவர். இன்று உலகப் புகழ் பெற்ற படக் கலைஞராகப் போற்றப்படுகிறார். 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் ஏறக்குறைய 30 படங்கள்தான் மிஞ்சியுள்ளன. அவற்றில் இந்நாட்டுச் சாதாரண மக்களின் முகங்களை அருகிலிருந்து பார்க்கிறோம். ஆனால் ஒன்றின் தலைப்பு "களுத்துறைக் குடியானவர் குழு" என்று மட்டும் சொல்கிறது. அந்தக் குழுவில் இருந்தவர்களின் பெயர் இல்லை. பின்னர் வந்த தபாலட்டைகளும் அப்படியே. கூடையோடு நிற்கும் பெண்ணுக்குக் "கொழுந்து பறிப்பவள்" என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

நமது குடும்பங்களிலோ பலருக்கு வாழ்க்கையின் முதற்படம் அரசாங்கப் பத்திரத்துக்காக எடுத்த படம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கடவுச்சீட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பிறகு ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றுள்ள நம் உறவினர் வீட்டுப் பெட்டிகளில் அந்த முகங்கள் இருக்கும். முகத்துக்குப் பின்னால் இருப்பது ஸ்டூடியோவின் வெறுந்திரை. அவர்கள் பிறந்த மலை அதில் இல்லை.

மலையும் என்றும் ஒரேமாதிரி இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை. மண்ணோடு போனவற்றில் சுவரில் மாட்டியிருந்த படங்களும் இருந்திருக்கும். அம்மாவின் முகத்தை இன்னொரு முறை பார்க்க ஒரு படம் வேண்டும் என்ற நிலை பிள்ளைக்கு வந்தால், அந்தப் படத்தின் ஒரு பிரதி வேறு எங்காவது இருக்க வேண்டாமா?

ஆகவே படமெடுப்பதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ண வேண்டாம். இலத்தீனில் "கெமரா" என்றால் அறை. நாம் லயக் காம்பரா என்று சொல்லும் காம்பராவும் போர்த்துக்கேயர் வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தக் காம்பராவில் வாழ்ந்தவர்களை இந்தக் கெமராவில் வைத்துக் காப்பது நமது வேலை.

எப்படி எடுப்பது என்று தங்கைமார் கேட்பார்கள். விலை கூடிய கருவி தேவையில்லை. கைத்தொலைபேசியின் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தாலே பாதிக் குறை தீரும். நமது பக்கம் காலை வெளிச்சம்தான் நல்லது. ஹப்புத்தளைப் பக்கம் பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் கச்சான் காற்றுக் காலத்தில் பத்தனைப் புல்லில் தீ மூண்டால், தூரத்து மலைகள் புகையில் மங்கும். ஐப்பசி மழை பெய்து விட்ட மறுநாட் காலையில் அதே மலைகள் துலக்கமாகத் தெரியும். மலையை மட்டும் எடுக்காமல், அதன் அடிவாரத்தில் ஒரு பாதையோ, ஒரு கூரையோ, நடந்து போகும் ஒருவரோ தெரிய எடுங்கள். ஐம்பது வருடத்துக்குப் பின் பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டுக்கு மேலே உள்ள சரிவை, மழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வையுங்கள். மரம் சாய்ந்திருப்பதும், நிலம் தாழ்ந்திருப்பதும் இரண்டு படத்தை அருகருகே வைத்தால் தெரியும். அதைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டலாம். ஆனால் நிலத்தில் புதிய வெடிப்பைக் கண்டாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, படமெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறுங்கள்; பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அழையுங்கள்.

மலையில் கொழுந்து பறிக்கும் அக்காவைப் படமெடுக்க விரும்பினால் முதலில் பெயரைக் கேளுங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள். நிறை பார்த்துச் சம்பளம் வாங்கும் நேரம் அது. அவரை நிறுத்திவைப்பது அவரது கூலியில் கைவைப்பதாகும். பிறகு ஒரு பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீட்டுச் சுவரில் அது தொங்கட்டும்.

இறுதியாக, இங்கே இருப்பவர்களுக்கும், இந்த மலரைக் கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிக்கப் போகிறவர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, அதில் உள்ளவர்களின் பெயர், தோட்டம், டிவிசன், வருடம் ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இரண்டு: நமது குளிருக்கும் ஈரத்துக்கும் அல்பத்தில் பூஞ்சணம் பிடிக்கும். படங்களைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காமல், இறுக்கமாக மூடும் தகரப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். கைத்தொலைபேசிப் படங்களில் முக்கியமானவற்றை வருடம் ஒரு முறை அச்சிடுங்கள். பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

மூன்று: நீங்கள் வளர்ந்த இடத்தின் ஒரே ஒரு படத்தைப் பெயர்களோடு நமது சங்கத்துக்கு அனுப்புங்கள். பாடசாலை நூலகத்தில் அதற்கென ஓர் அல்பம் திறப்போம். இன்று ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை அதைப் புரட்டி, "இது எங்கள் தோட்டம், இவர் எங்கள் பாட்டி" என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.