கிளிக் பண்றதுக்கு முன்னாடி கை தூக்குங்க

"எங்க பள்ளியில நெட் நிக்கவே நிக்காது, இதுல வகுப்புக்கு வெப் கருவின்னு என்னத்தப் பேசுறீங்க?" அப்படின்னு ஒரு ஆசிரியர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதிலுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

2019-ல ஏழாம் வகுப்புக்குப் புதுப் பாடநூல் வந்துச்சு. புத்தகத்துக்குள்ள கியூஆர் கோடு. எனக்கு ஒரே உற்சாகம். "வீட்டுல ஸ்கேன் பண்ணி வீடியோ பார்த்துட்டு வாங்க"ன்னு வீட்டுப்பாடமே கொடுத்துட்டேன். மறுநாள் கேட்டா, "பார்த்துட்டோம் மிஸ்"னு எல்லாரும் ஒரே குரல்ல. ஒரு பொண்ணு மட்டும் வரல. அடுத்த நாளும் வரல. மூணாவது நாள் அவங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க. வீட்டுல இருக்கிறது பட்டன் போன். பக்கத்து வீட்டுல போய்க் கேட்டிருக்கா, அவங்க ஏதோ சொல்லிட்டாங்க. அந்த அவமானத்துல பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன்னு உட்கார்ந்துட்டா. அம்மா சண்டைக்கு வரல. "போன் இல்லாம படிக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மிஸ்"னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பேச்சே வரல.

அன்னைலேர்ந்து திரை வேணும்னா அது என் வகுப்புக்குள்ளதான், வீட்டுப்பாடத்துல கிடையாது.

இப்போ நெட் விஷயம். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் திட்டம் இருக்கு. நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002-ல தொடங்கினது, இலவசம். அதுல இருக்கிற புது சிமுலேஷன்கள் எல்லாம் ஹெச்டிஎம்எல் கோப்பாவே டவுன்லோட் ஆகும். ஒரு தடவை இறக்கி பென்டிரைவ்ல போட்டுட்டா, குரோம்லயோ ஃபயர்ஃபாக்ஸ்லயோ நெட் இல்லாமலே திறக்கும். நிறைய சிமுலேஷனுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. எனக்கு ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர் போதுமா இருந்துச்சு.

மின்சுற்று பாடத்துக்கு அதுல ஒரு சிமுலேஷன். மின்கலம், கம்பி, பல்பு எல்லாத்தையும் இழுத்து இணைக்கலாம். கம்பிக்குள்ள எலக்ட்ரான்கள் ஓடுறது தெரியும். மின்கலத்தோட ரெண்டு முனையையும் வெறும் கம்பியால இணைச்சா தீப்பிடிக்கும்! வகுப்பே கத்தும். ஆனா அதோட விட்டா அது சினிமாதான்.

அதனால நான் சுவிட்சைப் போடுறதில்ல. ரெண்டு பல்பைத் தொடர் இணைப்புல வச்சுட்டு, "எது பிரகாசமா எரியும்? கை தூக்குங்க"ன்னு கேட்பேன். பாதிக்கு மேல, மின்கலத்துக்குப் பக்கத்துல இருக்கிற பல்புதான்னு சொல்லுவாங்க. முதல் பல்பு மின்சாரத்தைச் சாப்பிட்டுடும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்ங்கிறது அவங்க கணக்கு. எண்ணிக்கையைப் பலகையில எழுதிட்டு அப்புறம்தான் சுவிட்ச். ரெண்டும் ஒரே மாதிரி எரியும். அப்போ வர்ற அமைதி இருக்கே, அதுக்காகத்தான் புரொஜெக்டரைத் தூக்கிட்டு மாடி ஏறுறேன்.

அடுத்து நிஜ மின்கலம், டார்ச் பல்பு வச்சு செஞ்சோம். ஒரு பல்பு தெளிவா மங்கலா எரிஞ்சுது. "மிஸ், கம்ப்யூட்டர் பொய் சொல்லுது!"ன்னு ஒரு சத்தம். அந்தப் பட்டன் போன் வீட்டுப் பொண்ணுதான். நானும் திணறினேன், உண்மையைச் சொல்றேன். அவளே எழுந்து வந்து ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போட்டா. முன்னாடி மங்கலா இருந்த பல்பு, புது இடத்துலயும் மங்கலாவே எரிஞ்சுது. அப்போ குறை இடத்துல இல்ல, பல்புல. சிமுலேஷன்ல ரெண்டு பல்பும் அச்சு அசலா ஒண்ணு, கடைப் பல்பு அப்படி இல்ல. இதை நான் திட்டமிட்டுச் செய்யல. இப்போ ஒவ்வொரு வருஷமும் வேணும்னே பொருந்தாத பல்பு ரெண்டு எடுத்து வச்சுக்கிறேன்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. டவுன்லோட் பண்ணின கோப்பை முதல் நாளே பள்ளி லேப்டாப்புல திறந்து பார்த்துடுங்க. பிரவுசர் ரொம்பப் பழசா இருந்தா வெள்ளைத் திரைதான் வரும். நாற்பது பிள்ளைங்க முன்னாடி அதை நான் அனுபவிச்சிருக்கேன். அடுத்த எபிசோடுல ஜியோஜீப்ரா பத்திப் பேசலாம்.