கைப்பேசியும் ஓர் அமானத்தே

வஸிய்யத் செய்யத்தக்க பொருளுடையவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி 2738). கருமத்தம்பட்டியில் விசைத்தறி நடத்துபவரின் நூல் பாக்கியும் கூலிக் கணக்கும் இன்று கைப்பேசிக்குள் இருக்கின்றன. அவர் மவ்த்தாகிவிட்டால், கடவுச்சொல் அறியாத மனைவி மக்கள் எவருக்கு எவ்வளவு கடன் என்பதை எவ்வாறு அறிவார்கள்? வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே வாரிசுப் பங்கு என்பது குர்ஆனின் (4:11) சட்டமாயிற்றே!

ஆகவே, கணக்குகளையும் கடன்களையும் எழுதி, நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படையுங்கள். வங்கியில் நாமினியைப் பதியுங்கள். நாமினி பணத்தைப் பெறுபவரே. உரிமையாளர் அல்லர் என உச்ச நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்துள்ளது. அப்பணம் வாரிசுகளின் அமானத். நம் மறைவுக்குப் பின் கணக்கிலுள்ளவற்றைப் பெறுபவரை முன்பே குறிப்பிடும் வசதியைக் கூகுள் 2013இலும் ஆப்பிள் 2021இலும் ஏற்படுத்தின, பயன்படுத்துங்கள்.

கடனின்றி அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.