கண்ணிலும் சில குடியிருப்போர்
(மூத்த குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் பேசியது)



நான் பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் நம் பிளாக்கிலேயே மூன்று பேர் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாயிலும் குடலிலும் பாக்டீரியா இருப்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணின் மேற்பரப்பிலும் உண்டு. ஆனால் அங்கே இருப்பு மிகக் குறைவு. மினிமம் பேலன்ஸ் மாதிரி. காரணம் கண்ணீர். அதிலுள்ள லைசோசைம் பாக்டீரியாவின் சுவரையே உடைத்துவிடும். 1922-இல் இதைப் பற்றி எழுதியவர், பின்னால் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். சோதனைக்குக் கண்ணீர் வேண்டுமென்று, கூட இருந்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டாராம்!

கண்ணீருக்கும் தப்பி இருப்பவை கொரினிபாக்டீரியம், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற சில. இவற்றால் நன்மையும் உண்டா? 2017-இல் அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தார் எலிகளில் பார்த்தார்கள். ஒருவகைக் கொரினிபாக்டீரியம் கண்ணின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட, அந்த எலிகள் கேண்டிடா பூஞ்சையையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் எதிர்த்து நின்றன. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், கண்ணில் உள்ளதையெல்லாம் மருந்து விட்டு ஒழிப்பதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை அது மாற்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளியே சாதுவாக இருக்கும் இதே பாக்டீரியா ஆபரேஷனின்போது கண்ணுக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் போவிடோன் அயோடின் சொட்டு விடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஓருயிரி கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

கடைசியாக, மெட்ராஸ் ஐ. இது பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஆபத்து அதிகம். அதைத் தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்ட சொட்டு நமக்கும் கேட்கும் என்று வாங்கி விட வேண்டாம். துண்டு, தலையணை உறை, மை, சொட்டு மருந்து எதையும் பகிர வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் போகும் மூவரும் நலமாகத் திரும்பி வர எல்லோர் சார்பிலும் வாழ்த்துகள்.