‘அவனுக்கு என்ன தெரியும்?’

பட்டம் பெற்று அமர்ந்திருக்கும் சிறப்பாசிரியர்களே!

வீட்டில் பாட்டி இறந்துவிடுகிறார். அறிவுசார் குறைபாடுள்ள பேரன் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். ‘அவனுக்கு என்ன தெரியும்?’ காரியம் முடிந்த சில வாரத்தில் அவன் தட்டைத் தள்ளுகிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான், தலையில் அடித்துக்கொள்கிறான். ‘அவன் சுபாவமே அப்படித்தான்’ என்கிறோம். துக்கமாக இருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குறைபாட்டின் நிழலில் மனநோய் கண்ணில் படாமல் போவதை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரீஸும் சகாக்களும் 1982-லேயே சுட்டிக்காட்டினார்கள். நம் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. அது சரிதான். அதற்காக, அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு மனநோயே வராது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லையே!

இங்கிலாந்து மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் 1989-இல் இவர்களுக்காகவே எழுத்தே இல்லாத கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அப்பா இறந்ததைப் பற்றி ஒன்று, அம்மா இறந்ததைப் பற்றி ஒன்று. எல்லாம் படங்கள்தான். பக்கம் புரட்டுபவரே கதை சொல்லலாம். தன் வீட்டுக் கதையையும் சொல்லலாம். இங்கே ஒரு வரைதாளும் பென்சிலும் போதும், நீங்களே செய்துவிடலாம்.

இவர்களிடம் கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ‘வருத்தமா இருக்கா?’ என்றால் ‘ஆமா மிஸ்’. ‘சந்தோஷமா இருக்கா?’ என்றாலும் ‘ஆமா மிஸ்’தான். தலையாட்டப் பழக்கியவர்கள் நாம்தானே? எந்தத் தேதியிலிருந்து தூக்கமில்லை என்றால் விழிப்பார்கள். ‘பொங்கலுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று கேட்டுப் பாருங்கள். அதையும் அம்மாவிடம் கேட்காமல் பிள்ளையிடமே கேளுங்கள்.

1974-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தங்களுக்காகத் தாங்களே பேசும் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ இயக்கத்தைத் தொடங்கியவர்கள் அறிவுசார் குறைபாடு உடையவர்களே. நம் ஊரில் பெற்றோர் சங்கங்கள் உண்டு. அவர்கள் அலைந்திராவிட்டால் பல சிறப்புப் பள்ளிகள் வந்தே இருக்காது. ஆனால் இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச இடம்? தேடித்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சேரும் பள்ளியில் அதற்காக வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தை அவர்களில் ஒருவரிடம் விட்டுவிட்டு, டீ ஊற்றும் வேலையை நீங்கள் பாருங்கள். யாருக்காவது இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டுக் கிடந்தால், சுபாவம் என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.