உறைபனி நிலத்தின் முதற்பொருள்



பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் வீடுகளில் மூன்று வினாக்கள் தவறாமல் எழுகின்றன. கல்லூரி எப்படிப்பட்டது? ஊர்மக்கள் எப்படிப்பட்டவர்கள்? குளிர் தாங்குமா? சென்று மீண்டவர்கள் இவற்றுக்கு மூன்று தனித்தனி விடைகளைத் தருவர். கல்லூரி நன்று; மக்கள் நல்லவர்கள், ஆயினும் ஒட்டமாட்டார்கள்; குளிர் கொடியது. கனடாவை ஒட்டி அமெரிக்காவின் வடக்கெல்லையில் கிடக்கும் மினசோட்டா மாநிலத்தைப் பற்றி இத்தகைய கருத்துரைகள் மிகுதி. அவை பொய்யல்ல. எனினும், மூன்றையும் மூன்றாகப் பிரித்துவிட்டதனாலேயே அவை எதனையும் விளக்காமல் நின்றுவிடுகின்றன. தொல்காப்பியம் பயின்றோர் இப்பிழையை எளிதில் காண்பர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் யாழும் அவற்றின் வழிப்பட்ட கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். ஒன்றை விலக்கி மற்றொன்றைப் பேச வழியில்லை. மினசோட்டாவுக்குக் குளிரே முதற்பொருள். கல்லூரிக் கட்டடமும், அண்டை வீட்டார் பழகும் முறையும், கதை சொல்லும் காலமும் அதனுள் அடங்கியவை.

தமிழ்ச் சொல்லே இங்கு ஒரு தடையாக நிற்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் வகுத்த மரபில் 'பனி' என்பது புல்நுனியில் நிற்கும் நீர். விடியலில் மூடும் மென்புகை. நெடுநல்வாடையில் விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. ஆயர் கைகளைத் தீயில் காய்ச்சுகின்றனர். அதுவே தமிழ்ப் பாட்டறிந்த குளிரின் எல்லை. மினசோட்டாவின் பெருநகரான மினியாப்பொலிசில் சனவரியின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 9 பாகை செல்சியசு. வடக்கே டவர் என்னும் சிற்றூருக்கு அருகில் 1996 பிப்ரவரி 2 அன்று அது சுழியத்துக்குக் கீழே 51 பாகைவரை இறங்கியது. ஏரிகள் கல்லாகின்றன, அவற்றின்மீது சிறு குடில்களை இழுத்துச் சென்று நிறுத்தி, துளையிட்டு மீன்பிடிக்கின்றனர். இதற்கும் பனி என்றே பெயரிட்டால் சொல் பொருளை மறைத்துவிடும். எனவே இவ்வுரை வெண்பனி, உறைபனி என்னும் சொற்களை ஆள்கிறது.

மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1851இல் தோன்றியது. மாநிலமே 1858இல்தான் பிறந்தது; கல்விக்கூடம் அதற்கு ஏழாண்டு மூத்தது. மினியாப்பொலிசு வளாகம் மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் பரந்துள்ளது. கரைகளை இணைக்கும் வாசிங்டன் அவென்யூப் பாலம் ஈரடுக்கு. மேலடுக்கு நடப்போர்க்குரியது. அதன் நடுவே நீளவாக்கில் சுவரும் கூரையும் உடைய ஒரு நடைவழி ஓடுகிறது. காற்று அறையும் நாள்களில் மாணவர் அதனுள் நடந்து அக்கரை வகுப்புக்குச் செல்கின்றனர். வளாகக் கட்டடங்கள் பலவற்றை நிலத்தடிச் சுரங்கவழிகளும் மேல்வழிகளும் இணைக்கின்றன. நகரின் நடுப்பகுதியிலும் இதே ஏற்பாடு உண்டு: 1962இல் தொடங்கிய கண்ணாடி மேம்பாலங்கள் இன்று ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டடத்தைக் கட்டடத்தோடு கோத்து நிற்கின்றன. தெருவில் இறங்காமலே ஒரு நாளைக் கழித்துவிடலாம். ஏந்துதான், ஆயினும் தெருவில் எதிர்ப்படும் முகம் குறைந்த நகரில் புதியவனுக்கு நட்பு எங்கே முளைக்கும்? 'மக்கள் ஒட்டமாட்டார்கள்' என்னும் புகாரின் ஒரு வேர் கட்டடக் கலையில் இருக்கிறது.

மற்றொரு வேர் குளிர் கற்பித்த ஒழுக்கத்தில் இருக்கிறது. வெண்பனியில் சக்கரம் புதைந்த காரைத் தள்ளிவிட முன்பின் அறியாத மூவர் வருவர். தள்ளிவிட்டுப் பெயரும் கேளாமல் போவர். மினசோட்டாக்காரர் எந்த ஊருக்கும் வழி சொல்வார், தம் வீட்டுக்கு மட்டும் சொல்லமாட்டார் என்பது அங்குள்ளோரே சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை. உதவி அங்கே உயிர்காக்கும் கடமை. நட்பு வேறொரு கணக்கு. 1940 நவம்பர் 11 அன்று எதிர்பாராது வீசிய பனிப்புயலில் அம்மாநிலத்தில் மட்டும் 49 பேர் மாண்டனர். அத்தகைய நிலத்தில் கைகொடுத்தல் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க இயலாது. விருந்தோம்பலும் இடுக்கண் களைதலும் ஒன்றே எனக் கொண்டு பழகிய தமிழர் இவ்விரண்டையும் அங்கே பிரித்துக் காணக் கற்கவேண்டும்.

செயிண்ட் பால் நகரின் மெக்காலெஸ்டர் கல்லூரியில் படித்து 1961இல் பட்டம் பெற்றவர் கானா நாட்டுக் கோபி அன்னான். பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர். முதற் குளிர்காலத்தில் ஆடைமேல் ஆடை அணிந்த அவர், காதுமூடியை மட்டும் அழகற்றது என்று ஒதுக்கினார். காதுகள் உறைந்துபோகும் நிலைக்கு வந்த ஒரு நாளில் கடைக்குச் சென்று, இருப்பதிலேயே பெரிய காதுமூடியை வாங்கினார். ஓரிடத்தில் வாழ்வோரைக் காட்டிலும் அவ்விடத்தைத் தாம் நன்கறிவதாக வந்தவர் எண்ணலாகாது என்பது அன்று கற்றதாக அவர் பல மேடைகளில் கூறியுள்ளார். கருத்துரை வழங்கும் அவசரக்காரர் அனைவருக்கும் அந்தக் காதுமூடியைப் பரிந்துரைக்கலாம்.

தெற்கே நார்த்ஃபீல்டு என்னும் சிற்றூரில் இரண்டு கல்லூரிகள் உள்ளன: 1866இல் தோன்றிய கார்ல்டன், நார்வேயிலிருந்து குடியேறிய லூத்தரன் மக்கள் 1874இல் நிறுவிய செயிண்ட் ஓலாஃப். சங்கப் பாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற ஏ. கே. இராமானுசன் பணியாற்றிய இடங்களுள் கார்ல்டனும் ஒன்று. இருப்பினும், இந்த அவையின் கவனத்துக்கு மிகவும் உரியவர் அடுத்த குன்றில் வாழ்ந்த ஓலே எட்வர்ட் ரோல்வாக்.

ரோல்வாக் 1876இல் நார்வேயின் தீவொன்றில் மீனவர் குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே லோஃபோட்டன் கடலில் மீன்பிடித்தார். 1896இல் அமெரிக்கா வந்து பண்ணைக் கூலியாக உழைத்தார். செயிண்ட் ஓலாஃபில் 1905இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு முதல் அங்கேயே தம் தாய்மொழியையும் அதன் இலக்கியத்தையும் பயிற்றினார். குடியேறிகளின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிக்கொண்டிருந்த காலம் அது. முதல் உலகப்போர் ஆண்டுகளில் அயல்மொழி பேசுவதே ஐயத்துக்குரியதாகப் பார்க்கப்பட்டது. அந்த நிலையிலும் அவர் நார்வே மொழியிலேயே எழுதினார். அவருடைய பெருநாவல் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக நார்வேயில் வெளிவந்தது. அமெரிக்க மண்ணைப் பற்றி, அமெரிக்க மண்ணில் அமர்ந்து எழுதிய நூல் முதலில் கடல்கடந்து அச்சேறி, 1927இல்தான் 'மண்ணின் பேருருக்கள்' எனத்தக்க பெயருடன் ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. அந்த மொழிபெயர்ப்பிலும் ஆசிரியரே இன்னொருவருடன் உடனிருந்து உழைத்தார்.

கதை மினசோட்டாவுக்கு மேற்கே ஒட்டிய டக்கோட்டாச் சமவெளியில் நிகழ்வது. பேர் ஹான்சா என்னும் குடியானவனுக்கு அந்த வெட்டவெளி வாய்ப்பு. அவன் மனைவி பேரத்துக்கு அது மறைந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத அச்சம். இறுதியில் நோயுற்ற நண்பனுக்காகப் பாதிரியாரை அழைத்துவரப் பனிப்புயலில் சறுக்குக்கட்டை பூட்டிக் கிளம்பும் ஹான்சா மீள்வதில்லை. வேனில் வந்து பனி உருகிய பின்னரே, வைக்கோற்போரில் சாய்ந்து மேற்கு நோக்கி அமர்ந்த அவன் உடல் கிடைக்கிறது. வேற்று நிலத்தின் பொழுதைத் தாய்மொழியில் எழுத முடியுமா என்னும் வினா புலம்பெயர் கவிஞர்களை இன்றும் வருத்துகிறது. ரோல்வாக்குக்கு உறைபனி புதிதன்று. நார்வேச் சொற்கள் அதனை அறியும். மலையும் கடலும் அற்ற சமவெளியில் அப்பனி கொள்ளும் புதிய பொருளுக்குத்தான் அவர் சொல் தேடினார். சொல் பழையது, நிலம் புதிது. அந்த இடைவெளியே நாவலாயிற்று. அதை மொழியின் வறுமை எனக் கருதி வருந்துவோர் அவரைப் படித்தல் நன்று.

அவருக்குப் பின் வந்த நார்வே வழியினர் இராபர்ட் பிளை. 1926இல் மேற்கு மினசோட்டாப் பண்ணையில் பிறந்து, செயிண்ட் ஓலாஃபில் ஓராண்டு படித்து, ஆர்வர்டு சென்று, மீண்டும் பண்ணைக்கே திரும்பினார். வெண்பனி மூடிய வயல்களின் அமைதியைத் தலைப்பிலேயே கொண்ட அவருடைய முதல் தொகுதி 1962இல் வந்தது. பெருநகரங்களை விட்டு விலகிய அந்தப் பண்ணையிலிருந்துதான் அவர் 1958 முதல் ஒரு சிற்றிதழை நடத்தினார். அயல்மொழிக் கவிஞர்களை மொழிபெயர்த்தார். கபீரைக்கூட ஆங்கிலத்தில் மறுவார்ப்புச் செய்தார். குளிர் அவரை உள்ளே அமர்த்தியது, உலகம் அஞ்சலில் வந்தது எனலாம். பல்கலைக்கழகத்தில் 1955 முதல் பணியாற்றிய கவிஞர் ஜான் பெரிமன் 1972 சனவரியில் மேற்கூறிய அதே பாலத்தில் தம் உயிரை முடித்துக்கொண்டார். அதனைக் குளிர்காலத்தின் மீது ஏற்றிப் பேசுவோர் உண்டு. அது மலிவான விளக்கம். அவருடைய துயர்கள் சிறுவயது முதலே தொடர்ந்தவை.

குடியேறிகளுக்கு முன்னரே அந்நிலத்துக்கு உரியவர்கள் டக்கோட்டா, ஒஜிப்வே மக்கள். மினசோட்டா என்னும் பெயரே டக்கோட்டா மொழியில் வானைக் காட்டும் நீரைக் குறிப்பது. அம்மக்கள் ஆண்டைக் குளிர்காலத்தால் எண்ணினர். ஒஜிப்வே வழக்கில் புனிதக் கதைகள் நிலத்தில் வெண்பனி கிடக்கும்போது மட்டுமே சொல்லப்படுவன. பனி உருகினால் கதை நிற்கும். திணைக்கோட்பாட்டில் பொழுது பாட்டின் பின்னணி. இங்கோ பொழுதே கதைக்குத் தரும் இசைவு.

அதே குளிர் அம்மக்கள்மீது கருவியாகவும் ஏவப்பட்டது. 1862இல் நிகழ்ந்த போருக்குப் பின் டிசம்பர் 26 அன்று மேன்கேட்டோவில் டக்கோட்டா ஆடவர் 38 பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். பெண்டிர், சிறார், முதியோர் என ஏறத்தாழ 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரை முகாமில் அக்குளிர்காலம் முழுதும் அடைக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் வேனிலைக் காணவில்லை. கல்லூரிகளும் இவ்வரலாற்றுக்குப் புறத்தே நிற்கவில்லை. மேற்கிலுள்ள மாரிஸ் வளாகம் 1887இல் தொல்குடிச் சிறாரை வீட்டினின்றும் மொழியினின்றும் பிரித்து வளர்த்த விடுதிப்பள்ளி. 1909இல் மாநிலத்தின் கைக்கு மாறியபோது தொல்குடி மாணவரிடம் கட்டணம் பெறலாகாது என்னும் நிபந்தனை இடப்பட்டது. அது இன்றும் நடப்பில் உள்ளது. மினியாப்பொலிசில் 1969இல் அமைந்த தொல்குடி ஆய்வுத்துறை டக்கோட்டா, ஒஜிப்வே மொழிகளைக் கற்பிக்கிறது. மொழியைப் பறித்த நிறுவன வகையே மொழியைத் திருப்பித் தர முயல்கிறது. இதனைப் பெருந்தன்மை என்பதைவிடக் கடன் என்பதே பொருந்தும்.

1975க்குப் பின் லாவோசு மலைகளிலிருந்து மொங் ஏதிலியர் வந்து செயிண்ட் பாலில் நிறைந்தனர். 1990களில் சோமாலியர் மினியாப்பொலிசுக்கு வந்தனர். வெண்பனி அறியாத இரு மக்கள். தாய்லாந்து முகாமில் பிறந்து 1987இல் செயிண்ட் பால் வந்த மொங் சிறுமி காவ் காலியா யாங், கார்ல்டன் கல்லூரியில் படித்து எழுத்தாளரானார். 2016இல் அவர் எழுதிய நூலின் தலைவர் அவருடைய தந்தை. மொங் மரபில் வாய்மொழியாகப் பாட்டுக் கட்டும் கவிஞர், மினசோட்டாவில் தொழிற்சாலைக் கூலி. ரோல்வாக்கின் குன்றுக்கு எதிர்க்குன்றில் அதே வினா வேறு மொழியில் மீண்டும் எழுந்தது.

1885இல் செயிண்ட் பாலைக் கண்ட நியூயார்க்கு இதழாளர் ஒருவர் அதனை மாந்தர் வாழத்தகாத மற்றொரு சைபீரியா என்று எழுதினாராம். ஊரார் 1886இல் பனிக்கட்டியால் அரண்மனை எழுப்பிக் குளிர்கால விழா எடுத்து விடையிறுத்தனர். விழா இன்றும் உண்டு. ஆனால் 2023–24 குளிர்காலம் மாநிலப் பதிவுகளில் யாவற்றினும் வெப்பம் மிக்கதாக அமைந்தது. கடந்த 50 ஆண்டுகளில் ஏரிகள் உறைந்து கிடக்கும் காலம் சராசரியாக 10 முதல் 14 நாள்வரை குறைந்துள்ளது. குளிர் கொடியது என்று எழுதியனுப்பும் மாணவர் இதனைக் கேட்டால் மகிழக்கூடும். மீன்பிடிக் குடில்கள் கரையில் காத்திருக்கின்றன. வெண்பனியின் இசைவோடு மட்டுமே சொல்லத்தக்க கதைகளுக்குரிய நாள்களும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன.