பத்தே பத்து ஓட்டு



அமெரிக்க மேயர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நியூயார்க், சிகாகோ என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உங்களைப் பர்லிங்டனுக்கு அழைத்துப் போகிறேன். வெர்மாண்ட் மாநிலம், சாம்ப்ளைன் ஏரிக்கரை. 1980இல் முப்பத்தெட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர்!

1981 மார்ச். நாற்காலியில் ஜனநாயகக் கட்சியின் கோர்டன் பக்கெட், பத்து வருட மேயர். எதிரே ஒரு சுயேச்சை. மாநில அளவில் நான்கு தேர்தலில் நின்று நான்கிலும் தோற்றவர். ஒன்றிலாவது பத்து சதவீதம் வாங்கினாரா? இல்லை! ஆனால் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மறு எண்ணிக்கையும் முடிந்தது. வித்தியாசம் எவ்வளவு? ஆயிரமா? நூறா? பத்து! பத்தே பத்து ஓட்டு! ஜெயித்தவர் பெர்னி சாண்டர்ஸ்.

அந்தப் பத்துப் பேர் யார்? எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. எனக்கு அவர்கள்தான் தலைவர்கள்!

ஆனால் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஓட்டுப்போடும் நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். மறுநாள் எழுந்து, "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார்கள். "மேயர் என்றால் ரிப்பன் வெட்டுகிறவர்தானே?" என்று நம்மிடமே பாடம் நடத்துவார்கள். ரிப்பன் வெட்டுகிறவரா மேயர்? சொல்கிறேன், கேளுங்கள்!

அதே பர்லிங்டனில் 1903இல் ஜேம்ஸ் பர்க் மேயரானார். கொல்லர்! இரும்படித்த கை! ஊருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனியாரிடம் ஏன் கையேந்தி வாங்க வேண்டும், ஊரே தயாரிக்கட்டும் என்றார். 1905இல் நகராட்சி மின்துறை பிறந்தது. அவர் தோற்பார், மறுபடி நிற்பார், ஜெயிப்பார். 1930களில்கூட வந்து மேயர் நாற்காலியில் அமர்ந்தார். அந்த மின்துறை இன்றும் ஊரார் சொத்து. 2014இல் தன் தேவை முழுவதையும் மரத்துண்டு, தண்ணீர், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளிலேயே ஈடுகட்டும் நிலைக்கு வந்துவிட்டது. ரிப்பன் வெட்டி வந்ததா இது?

சாண்டர்ஸுக்கு என்ன நடந்தது? நகர்மன்றத்தில் அவருக்கு ஆதரவு இரண்டே பேர். அவர் நியமித்தவர்களை மன்றம் ஏற்க மறுத்தது. முந்தைய மேயரின் அதிகாரிகளை வைத்துக்கொண்டு முதல் வருடத்தை ஓட்டினார். அடுத்த வருடம் மக்கள் அவர் பக்கத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பத்துப் பேர் பலராகிவிட்டார்கள், அய்யா!

1984இல் நகராட்சி இரண்டு லட்சம் டாலர் கொடுத்து ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது. நிலம் அறக்கட்டளைக்கு, வீடு குடியிருப்பவருக்கு. விற்றாலும் அடுத்த ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் விற்க வேண்டும். இன்றைக்கும் அந்த ஏற்பாடு நடக்கிறது!

இவ்வளவு புகழ்ந்த எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. பர்லிங்டன் நகரமானது 1865இல். முதல் பெண் மேயர் எம்மா மல்வேனி ஸ்டானக் வந்தது 2024இல். நூற்றைம்பத்தொன்பது வருடம்! எத்தனை தலைமுறைப் பெண்கள் காத்திருந்தார்கள்!

அந்த நாட்டிலேயே இதைவிடச் சின்ன ஊர் ஒன்று, 1887இலேயே செய்து காட்டியது. கான்சாஸில் ஆர்கோனியா. ஐந்நூறு பேர்கூட இல்லை. அந்த மாநிலத்தில் பெண்களுக்கு உள்ளாட்சி ஓட்டுரிமை அப்போதுதான் வந்திருந்தது. மதுவிலக்குக்காகப் போராடிய பெண்களைச் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களை அவமானப்படுத்த, சூசன்னா சால்டர் என்ற இருபத்தேழு வயது தாயின் பெயரை அவருக்கே தெரியாமல் மேயர் வேட்பாளர் பட்டியலில் போட்டார்கள். நாலு ஓட்டு வாங்கித் தோற்கட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் வேறு சிலர் வீடு தேடி வந்து கேட்டார்கள்: ஜெயித்தால் பதவி ஏற்பீர்களா? ஏற்பேன் என்றார்! ஊர்ப் பெண்கள் திரண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு! அமெரிக்காவின் முதல் பெண் மேயர்! ஒரு வருடம் ஆண்டார், சம்பளம் ஒரு டாலர். 1961 வரை, நூற்றொரு வயது வாழ்ந்தார்.

அவரைக் கேலி செய்தவர்கள் பெயர் இங்கே யாருக்காவது தெரியுமா? எனக்கும் தேவையில்லை! அந்தத் தாயின் பெயரை மட்டும் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்: சூசன்னா சால்டர்!